கார்னகி ஹாலில் வெளியூர் இசைக்குழுக்களின் தொடருக்குச் சந்தா கட்டலாமா?

நியூ ஜெர்சிக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆன ஒருவர் கேட்டிருக்கிறார்: மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆர்வம் உண்டு, பழக்கம் குறைவு. நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாஸ்டன், பிலடெல்பியா, சிகாகோ, கிளீவ்லேண்ட் என்று அமெரிக்காவின் மற்ற ஊர்களிலிருந்து சிம்பொனி இசைக்குழுக்கள் வந்து வாசிக்கின்றனவே, அந்தத் தொடருக்குச் சந்தா கட்டலாமா? நியூயார்க்குக்கென்றே ஒரு நல்ல குழு இருக்கும்போது வெளியூர்க் குழுக்களை எதற்குக் கேட்க வேண்டும்? கட்டினால் எங்கே உட்காருவது?

கட்டுங்கள். தயங்கவே வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தத் தொடரில் அரங்கம் மாறுவதில்லை, உங்கள் நாற்காலி மாறுவதில்லை, மேடையில் இருக்கும் குழு மட்டும் மாறுகிறது. அதன் அருமையே அதுதான். வீட்டில் ஒலிப்பதிவுகளைப் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தால் இது கிடைக்காது. ஒரு பதிவில் மைக் வயலின்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும், இன்னொன்றில் உயரத்தில் தொங்கியிருக்கும். பதிவு செய்தவர் தன் ரசனைக்கு ஏற்ப ஏற்றி இறக்கியிருப்பார். நாம் கேட்பது குழுவையா, பொறியாளரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே அரங்கில், ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு சீசனில் நான்கு குழுக்களைக் கேட்டுப் பாருங்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே காது பிடித்துக்கொள்ளும்.

எனக்கு அப்படித்தான் பிடிபட்டது. நான் சந்தா கட்டிய முதல் வருடம், நவம்பரில் வந்த குழு பிராம்ஸின் இரண்டாவது சிம்பொனியை வாசித்தது. பிப்ரவரியில் வந்த குழு அவருடைய மூன்றாவது சிம்பொனியை. இரண்டாவது சிம்பொனியில், மெதுவான இரண்டாம் பகுதியைச் செல்லோக்கள் (வயலின் குடும்பத்தின் ஆழ்ந்த குரல்) தொடங்கிவைக்கும். மற்றதில் மூன்றாம் பகுதியும் செல்லோக்களில்தான் தொடங்கும். நவம்பரில் அந்தப் பத்துச் செல்லோக்களும் ஒரே ஆள் மூச்சு விடுவது போல நுழைந்தன. எங்கே ஆரம்பித்தது என்றே தெரியாத ஒரு நுழைவு. பிப்ரவரியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விளிம்பு இருந்தது, வில் கம்பியில் பட்ட நொடி தெளிவாகக் கேட்டது. எனக்கு அன்றைக்கு இசை பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பக்கத்து நாற்காலிப் பெரியவரிடம் திரும்பி, “இவங்க வேற மாதிரி வாசிக்கறாங்க” என்று எப்படியோ ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் புன்னகைத்து, தன் நிகழ்ச்சிக் கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்த குறிப்பைக் காட்டினார். அதுவும் செல்லோக்களைப் பற்றித்தான்.

இந்த அரங்கம் எப்படி விருந்தாளிகளின் அரங்கமாக ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார்னகி ஹால் 1891 மே 5 அன்று திறக்கப்பட்டது. திறப்பு விழாவில் இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியே வந்து தன் படைப்பொன்றை நடத்தினார். அடுத்த வருடமே ஊரின் சொந்தக் குழுவான நியூயார்க் பில்ஹார்மானிக் இங்கே குடியேறி எழுபது வருடம் இருந்தது. டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகம்’ சிம்பொனி 1893 டிசம்பரில் முதன்முதலாக ஒலித்தது இந்த மேடையில்தான். 1943 நவம்பரில் உடல்நலமில்லாத நடத்துநர் புரூனோ வால்டருக்குப் பதிலாக, ஒத்திகைகூட இல்லாமல் இருபத்தைந்து வயது லெனார்ட் பெர்ன்ஸ்டைன் மேடையேறியதும் இங்கேதான். அப்புறம் லிங்கன் சென்டர் என்ற புதுக் கலை வளாகம் கட்டும் பேச்சு வந்தது. பில்ஹார்மானிக் அங்கே போகப்போகிறது என்றானதும், கார்னகி ஹாலை இடித்துவிட்டு அலுவலகக் கோபுரம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று போராடி, 1960-ல் நியூயார்க் மாநகரமே ஐம்பது லட்சம் டாலருக்கு அதை வாங்கும்படி செய்தார். பெரிய அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

1962-ல் பில்ஹார்மானிக் கிளம்பிப் போனது. கட்டடம் பிழைத்துவிட்டது, ஆனால் குடியிருக்கும் குழு இல்லை. நாள்காட்டியை வெளியூர்க் குழுக்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். பாஸ்டனும் பிலடெல்பியாவும் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே வந்துகொண்டிருந்தன. இனி அவர்கள்தான் வீட்டின் தூண்கள் என்றானது. 2003-ல் பில்ஹார்மானிக் திரும்பி வந்து கார்னகி ஹாலோடு இணையப்போவதாக அறிவித்தார்கள், சில மாதங்களிலேயே அது முறிந்துவிட்டது. அந்த இணைப்பு நடக்காமல் போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். நடந்திருந்தால் நல்ல தேதிகளெல்லாம் வீட்டுக்காரருக்கே போயிருக்கும்.

சரி, குழுக்களுக்கு வருவோம். ஒரு குழுவின் ஒலி அதன் சொந்த ஊர் அரங்கத்திலிருந்து வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாரா வாரம் ஒரே அறையில் வாசிப்பவர்கள் அந்த அறைக்கு எது குறையோ அதைத் தங்கள் கையால் நிரப்பப் பழகிவிடுகிறார்கள். பிலடெல்பியாதான் இதற்கு முதல் சாட்சி. 1900-ல் தொடங்கிய அந்தக் குழு 2001 வரை அகாடமி ஆஃப் மியூசிக் என்ற கட்டடத்தில் வாசித்தது. அது 1857-ல் திறந்த ஓபரா அரங்கம். பார்க்க அழகு, ஆனால் வறண்ட ஒலி. சுரம் வாசித்து முடித்ததும் செத்துவிடும், அறை அதைத் தாங்கிப் பிடிக்காது. ஸ்டோகோவ்ஸ்கி 1912-ல் அதன் நடத்துநராகப் பொறுப்பேற்றார். வயலின்காரர்கள் எல்லாரும் வில்லை ஒரே நேரத்தில் மேலும் கீழும் இழுப்பதுதான் எங்கும் வழக்கம். அவர் அதை மாற்றி, அவரவர் விருப்பப்படி இழுக்கச் சொன்னார். வில் திரும்பும் நொடியில் ஒலியில் ஒரு சின்ன இடைவெளி விழும். முப்பது பேரும் வெவ்வேறு நொடியில் திருப்பினால் அந்த இடைவெளி மறைந்துவிடும், ஒலி அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அறை தராத முழக்கத்தை வில் தந்தது. அவருக்குப் பின் யூஜீன் ஓர்மண்டி 1980 வரை அந்தச் செழிப்பை வளர்த்தார். ராக்மனினாஃப் தன் கடைசிப் படைப்பான ‘சிம்பொனிக் டான்சஸ்’-ஐ இந்தக் குழுவுக்கும் ஓர்மண்டிக்கும்தான் அர்ப்பணித்தார். 1941 ஜனவரியில் அவர்கள்தான் அதை முதலில் வாசித்தார்கள்.

இந்தக் குழுவைக் கேட்கப் போனால் முதல் வயலின்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிதான வியோலாக்களையும் இரண்டாம் வயலின்களையும் கவனியுங்கள். பல குழுக்களில் இந்த நடுப்பகுதி மெலிந்திருக்கும். பிலடெல்பியாவில் அது நெய் ஊற்றிய பொங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். வறண்ட அரங்கத்துக்காகக் கற்ற வாசிப்பை கார்னகி ஹாலின் வெதுவெதுப்பான ஒலிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை நேரில்தான் கேட்க வேண்டும்.

பாஸ்டன் நேர் எதிர். அவர்களுடைய சிம்பொனி ஹால் 1900-ல் திறந்தது. ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் சபைன் ஒலி எதிரொலிக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டு, அதன்படி கட்டப்பட்ட முதல் அரங்கம். செருப்புப் பெட்டி போல நீண்டு குறுகிய வடிவம். உலகின் மிகச் சிறந்த இரண்டு மூன்று அரங்கங்களில் ஒன்று என்று இன்றும் சொல்கிறார்கள். அறையே பாதி வேலையைச் செய்துவிடுவதால் வாசிப்பவர்கள் அழுத்தத் தேவையில்லை. அந்த நிதானம், காற்றோட்டம், குறிப்பாகக் குழல் வாத்தியங்களின் மென்மை, கார்னகிக்கு வரும்போதும் கூடவே வரும். பிரெஞ்சுப் படைப்புகள் நிரலில் இருந்தால் அந்தத் தேதியை விடவே விடாதீர்கள்.

பாஸ்டன் வருகைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்று. 1943-ல் ஹங்கேரியிலிருந்து அகதியாக வந்திருந்த இசையமைப்பாளர் பேலா பார்டோக் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நோயாளியாகக் கிடந்தார். கையில் காசில்லை, எழுதும் எண்ணத்தையும் விட்டுவிட்டார். பாஸ்டன் குழுவின் நடத்துநர் செர்கே குசெவிட்ஸ்கி அவரைப் படுக்கையருகே போய்ப் பார்த்து, ஒரு புதுப் படைப்பு எழுதித் தரும்படி கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘கான்செர்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா’. 1944 டிசம்பர் 1 அன்று பாஸ்டனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அதை கார்னகி ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். பார்டோக் தன் கடைசி வருடத்தில் குடியிருந்த வீடு அதே 57-வது தெருவில், சில நிமிட நடையில் இருக்கிறது. சுவரில் ஒரு நினைவுப் பலகை உண்டு. சீக்கிரம் வந்துவிட்டால் எட்டாவது அவென்யூவைத் தாண்டி நடந்து அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

சிகாகோ என்றால் பித்தளை வாத்தியங்கள். அடால்ஃப் ஹெர்செத் என்ற ட்ரம்பெட்காரர் 1948 முதல் 2001 வரை அங்கே முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்து மூன்று வருடம்! அவரைச் சுற்றி வளர்ந்த பாணி இன்னும் கலையவில்லை. 1970 ஜனவரியில் நடத்துநர் ஜார்ஜ் ஷோல்ட்டி அந்தக் குழுவை கார்னகிக்கு அழைத்து வந்து மாலரின் ஐந்தாவது சிம்பொனியை நடத்தினார். அது தொடங்குவதே ஒற்றை ட்ரம்பெட்டின் அழைப்பில்தான். அன்று அரங்கம் எழுந்து நின்று கத்தித் தீர்த்தது. சிகாகோ குழுவின் புகழ் நாடெங்கும் பரவியதில் அந்த ஓரிரவுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க் மேடை வெளியூர்க் குழுவுக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கிளீவ்லேண்டை ஒரே வரியில் சொல்லலாம்: நூறு பேர் நால்வர் குழு போல ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பார்கள். நடத்துநர் ஜார்ஜ் ஸெல் 1946 முதல் 1970 வரை கண்டிப்போடு வளர்த்த பழக்கம் அது. ஹைட்ன், மோட்சார்ட் போட்டால் இவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நீங்கள் கேட்ட ‘எதற்கு வெளியூர்க் குழு’ என்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது. இந்தக் குழுக்கள் பெரும்பாலும் அந்த வாரமோ முந்திய வாரமோ சொந்த ஊரில் இரண்டு மூன்று முறை வாசித்த நிகழ்ச்சியைத்தான் இங்கே கொண்டுவருவார்கள். வியாழக்கிழமை முதல் முறை வாசிக்கும்போது இருக்கும் பதற்றம் தீர்ந்திருக்கும், விரல்களில் படிந்திருக்கும். அதோடு, நியூயார்க் என்றதும் ஒவ்வொருவரும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொள்வார்கள். பழகிய வாசிப்பும் புது மேடையின் உந்துதலும் சேரும் இரவு இது. சொந்த ஊரில் அதே குழுவை அதே வாரம் கேட்ட நண்பர்கள் பலமுறை இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு வருகைக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். டபுள் பாஸ்கள் ஆள் உயரத்துக்கு மேலான பெட்டிகளில் நின்றபடி பயணம் செய்யும். டிம்பனி, ஹார்ப், உடுப்புகள் தொங்கும் பெட்டிகள் எல்லாம் லாரியில் வரும். பிலடெல்பியா 150 கிலோமீட்டர்தான் என்பதால் அவர்கள் பஸ்ஸில் வந்து அன்றிரவே திரும்பலாம். சிகாகோவுக்கும் கிளீவ்லேண்டுக்கும் அப்படி முடியாது, நூறு பேருக்கு விமானமும் அறையும் வேண்டும். வந்து இறங்கியதும் மேடையில் ஒரு சிறு ஒத்திகை இருக்கும். அதில் படைப்பை முழுதாக வாசிக்க மாட்டார்கள். உரத்த ஓர் இடம், மெல்லிய ஓர் இடம், அவ்வளவுதான். இந்த அறையில் எவ்வளவு போதும் என்று அளந்து பார்ப்பார்கள். டிக்கெட் பணம் இந்தச் செலவுக்குக் காணாது. நன்கொடையாளர்கள் இல்லாவிட்டால் எந்தக் குழுவும் ஊர் விட்டு ஊர் வர முடியாது.

பெரிய ஐந்து குழுக்களோடு (இந்த நான்கும் நியூயார்க் பில்ஹார்மானிக்கும்) நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்பது என் அழுத்தமான வேண்டுகோள். 2011 முதல் 2014 வரை கார்னகி ஹாலில் ‘ஸ்பிரிங் ஃபார் மியூசிக்’ என்று ஒரு வசந்த விழா நடந்தது. ஊர் எவ்வளவு சிறியது, குழு எவ்வளவு பிரபலம் என்று பார்க்காமல், யார் துணிச்சலான நிகழ்ச்சியை யோசித்திருக்கிறார்களோ அவர்களை அழைத்தார்கள். எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் டிக்கெட் 25 டாலருக்கு மேல் போகாது. அந்தந்த ஊர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். நுழையும்போது அவர்களுக்கு வண்ணக் கைக்குட்டை கொடுப்பார்கள். தங்கள் குழு மேடைக்கு வந்ததும் பால்கனி முழுக்க ஒரே நிறம் அலையடிக்கும்.

ஓரிகன் குழு 2011-ல் போர்க்காலத்துக்கான இசை என்று ஐவ்ஸ், ஜான் ஆடம்ஸ், பிரிட்டன், வான் வில்லியம்ஸ் நால்வரின் படைப்புகளையும் ஒரே மாலையில் கோத்துத் தந்தது. டெட்ராய்ட் குழு ஆறு மாத வேலைநிறுத்தத்திலிருந்து மீண்டு இரண்டே வருடம் ஆகியிருந்தது. 2013 மே மாதம் இங்கே வந்து ஐவ்ஸின் நான்கு சிம்பொனிகளையும் ஒரே இரவில் வாசித்தது. இரண்டு மாதம் கழித்து அந்த ஊரே திவாலானதாக அறிவித்தது. சியாட்டில் குழு 2014-ல் ஜான் லூதர் ஆடம்ஸின் ‘பிகம் ஓஷன்’ என்ற படைப்பைக் கொண்டுவந்தது. சியாட்டில் குழு கேட்டு எழுதி வாங்கிய அந்தப் படைப்புக்கு முந்திய மாதம்தான் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. குழுவை மூன்றாகப் பிரித்து, நாற்பது நிமிடத்துக்கும் மேல் அலை போல எழுந்து விழும் இசை. அதே மாலையில் டெபுஸியின் ‘கடல்’. பணம் திரட்ட முடியாமல் விழா நின்றுபோனது, அந்த இழப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒன்று கற்றேன்: தொடரில் பெயர் தெரியாத ஊர்க் குழு ஒன்று இருந்தால் அந்தத் தேதிக்குத்தான் முதலில் இடம் பிடிப்பேன்.

இனி சந்தா விவரம். அடுத்த சீசன் விவரங்கள் ஆண்டின் தொடக்க மாதங்களில் வெளியாகும். முதலில் தொடராகத்தான் விற்பார்கள், தனி டிக்கெட் பிறகுதான். அமெரிக்கக் குழுக்களுக்கு ஒரு தொடர், வியன்னா, பெர்லின் போன்ற வெளிநாட்டுக் குழுக்களுக்கு வேறு தொடர் என்று பிரித்திருப்பார்கள். ஒரு தொடரில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கச்சேரி. சபாக்களில் சீசன் டிக்கெட் எடுத்துப் பழகியவர்களுக்கு இதன் சௌகரியம் தெரியும்: அதே நாற்காலி, அதே பக்கத்து நாற்காலிக்காரர்கள். அடுத்த வருடம் புதுப்பித்தால் அந்த இடம் உங்களுடையதாகவே இருக்கும். போக முடியாத தேதியை வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் சந்தாதாரர்களுக்கு உண்டு. குளிர்காலத்தில் பனிப்புயல் வரும் ஊரில் இது சாதாரண விஷயமில்லை.

இருக்கை விஷயத்தில் என் கருத்து சற்றுப் பிடிவாதமானது. பெரிய அரங்கில் 2,804 இருக்கை. கீழ்த்தளம், சிறு அறை போலத் தடுத்த இருக்கைகள் கொண்ட இரண்டு அடுக்குப் பெட்டிகள், டிரெஸ் சர்க்கிள், உச்சியில் 837 பேர் உட்காரும் பால்கனி. கீழ்த்தளத்தின் பின்வரிசைகள் மேல்மாடத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும், அங்கே ஒலி அமுங்கிவிடும். பெட்டிகளில் பின்னால் கிடைத்தால் மேடை பாதிதான் தெரியும். நீங்கள் பால்கனியின் நடுப்பகுதிக்குப் போங்கள். விலையும் குறைவு, ஒலி அங்கேதான் ஒன்றாகக் கலந்து மேலே வருகிறது. நூறு பேரும் கண்ணுக்குத் தெரிவார்கள், எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது என்று பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஒரே சங்கடம், அந்த உச்சிக்கு மின்தூக்கி கிடையாது. கீழிருந்தே ஏறினால் 137 படி. கால் நீட்டவும் இடம் கம்மி. மூட்டு வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் டிரெஸ் சர்க்கிள் எடுங்கள், அதுவரை மின்தூக்கி போகும்.

இந்த அரங்கத்தின் ஒலியை யாரும் சாசுவதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1986-ல் பெரிய புதுப்பிப்பு நடந்தபின் பழைய வெதுவெதுப்பு போய்விட்டது, ஒலி கடினமாகிவிட்டது என்று இசைக்கலைஞர்கள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1995-ல் மேடைப் பலகையைப் பெயர்த்தபோது அடியில் கான்கிரீட் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டார்கள். கலைஞர்களின் காது சொன்னது சரியாகவே இருந்தது.

பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் மூடிய அரங்கம் 2021 அக்டோபர் 6 அன்று திறந்தபோது வந்து வாசித்தது யார் தெரியுமா? பிலடெல்பியாவிலிருந்து பஸ் ஏறி வரும் அதே விருந்தாளிக் குழுதான். வாசல்கள் மூடியபோது நின்றுபோன பீத்தோவன் தொடரையும் அந்த சீசனில் அவர்களே முடித்துக் கொடுத்தார்கள். 1977-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய மேடையும் இதுதான் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நம்மவர்களுக்குக் கூடுதல் நெருக்கம் வரும்.

முதல் கச்சேரிக்கு அரை மணி முன்னாடியே போய் உட்காருங்கள். சில வாத்தியக்காரர்கள் அப்போதே மேடைக்கு வந்து கடினமான இடங்களைத் தனியாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அதே இடம் நூறு பேர் நடுவில் வரும்போது உங்கள் காது தானாக அதைக் கண்டுபிடிக்கும். இருமல் மிட்டாய் உறையை உள்ளே போகும் முன்பே பிரித்து வையுங்கள், அந்தச் சரசரப்பு உச்சி வரை கேட்கும். பகுதிகளுக்கு இடையில் கைதட்டிவிட்டால் வெட்கப்பட வேண்டாம், இங்கே யாரும் முறைப்பதில்லை.

முடிந்ததும் கூட்டத்தோடு 57-வது தெருப் பக்கம் இறங்காமல், பின்னால் 56-வது தெருவுக்குச் சுற்றி வாருங்கள். மேடை வாசல் அங்கேதான். சற்று முன் மாலரை இடித்து முழக்கியவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு, தோளில் பெட்டியோடு, சாப்பிட என்ன கிடைக்கும் என்று பேசியபடி வெளியே வருவார்கள். டபுள் பாஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறும். அங்கிருந்து பென் ஸ்டேஷன் இருபத்தைந்து நிமிட நடை. கடைசி ரயிலின் நேரத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.